நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

"வயசு அறுபத்தெட்டு. ஹவுஸ்வைஃப். வருமானம் இல்லை. இதுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு விசாரணை? சாயங்காலம் ஆறு மணிக்குள்ள 'இயற்கை மரணம்'னு ரிப்போர்ட் அனுப்புங்க. ஃபைலை மூடிடறேன்."

ஸ்பீக்கரில் பேசியது ஷ்யாம்சுந்தர், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் மேனேஜர். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டியை நிறுத்தியிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவரோட அம்மா மாசம் எவ்ளோ சம்பாதிக்கிறாங்கன்னு கேளுங்க மேடம்" என்றேன்.

வேதா மேடம் போனை அணைத்தார். "கேட்டா நம்ம ஃபீஸ் வராது. பச்சை விழுந்தாச்சு, ஓட்டு."

நான் காலேப். பதினோரு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். நாலு வருஷமாக மேடத்துக்கு டிரைவர், உதவியாளர், தேவைப்பட்டால் அடியாள். அடியாள் வேலை மட்டும் இதுவரை வரவில்லை. சந்தேகமான இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்களைத் துப்பறிவது எங்கள் பிழைப்பு. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.

இந்தக் கேஸ் மாடம்பாக்கத்தில். அபிதகுஜாம்பாள் என்ற அம்மாள் ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு, குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்துவிட்டதாக க்ளெய்ம். கணவர் ராஜகோபாலன், எழுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற ஆடிட் ஆபீசர். அவருடைய பேங்க் கணக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த விபத்துக் காப்பீட்டில் மனைவிக்குப் பத்து லட்சம். விபத்தில் போனால்தான் பணம், வியாதியில் போனால் கிடையாது. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்டில் 'மாரடைப்பு' என்று இருந்தது. போலீஸ் இல்லை, போஸ்ட்மார்ட்டம் இல்லை, மறுநாள் காலையில் தகனம்.

"ஒருத்தரே ரெண்டு விதமா சாக முடியுமா மேடம்?"

"சாக முடியாது. சொல்ல முடியும்" என்றார் மேடம்.

மதியம் ஒரு மணிக்கு இரண்டாவது மாடிக் கதவைத் தட்டினோம். திறந்தவள் மகள் ஸ்ரீவித்யா. முப்பத்தைந்து இருக்கும். தலைகூட வாரியிருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு கூரியர்காரன் லேப்டாப்பைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ் லேப்டாப். வேலையை விட்டுட்டேன், திருப்பி அனுப்பறேன்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாகிட்ட நீங்க பேங்க்லேர்ந்து வரேள்னு சொல்லியிருக்கேன். அவருக்குக் காது சுத்தமா கேக்காது. அவரை ஒண்ணும் கேக்காதீங்கோ, ப்ளீஸ்."

காது கேட்காதவரிடம் எதற்குத் தணிந்த குரல் என்று கேட்க வாயெடுத்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

ராஜகோபாலன் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆறடி மனிதர் பாதியாகச் சுருங்கியிருந்தார். நீல யூனிபார்ம் போட்ட ஒரு நர்ஸம்மா அவருக்கு ஸ்பூனால் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். சமையலறையில் வேறொரு பெண் பாத்திரம் உருட்டினாள். ஃபிரிட்ஜ் கதவில் மூன்று சீட்டுகள்: நர்ஸ், சமையல், ஸ்ரீவித்யாவின் குழந்தை நித்யஸ்ரீயைப் பகலில் பார்த்துக்கொள்ளும் க்ரெச். ஒவ்வொன்றிலும் போன் நம்பர், பக்கத்தில் மாதச் சம்பளம். மேடம் அங்கே ரொம்ப நேரம் நின்றார்.

பாத்ரூமைப் பார்த்தோம். வழவழப்பில்லாத டைல்ஸ், சுவர் முழுக்கக் கைப்பிடி. இதில் வழுக்கி விழ வேண்டுமானால் முன்கூட்டியே பயிற்சி எடுத்திருக்க வேண்டும். ஸ்ரீவித்யா காபி போட உள்ளே போன சமயம், மேடம் நோட்டில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி எழுதி ராஜகோபாலனிடம் நீட்டினார்: 'மாமி எத்தனை மணிக்குக் குளிப்பார்?'

பெரியவர் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். "நாலரைக்கு! அம்பது வருஷமா நாலரை. வெள்ளிக்கிழமைன்னா நாலு மணிக்கே தலைக்கு ஸ்நானம் பண்ணிடுவா!" காது கேளாதவர் இல்லையா, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்தது.

காபி வந்தது. மேடம் குளியல் நேரத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் குடித்துவிட்டு எழுந்தார்.

கீழே கார் பார்க்கிங். அவர்கள் ஃபிளாட்டுக்கு உரிய இடம் காலியாக இருந்தது. ஆனால் தரையில் கற்பூரம் எரிந்த கருப்பு வட்டம்.

"கார் இல்லாத வீட்டுல பார்க்கிங்குக்குப் பூஜையா?" என்றேன்.

"வாட்ச்மேனைக் கூப்பிடு."

வாட்ச்மேன் சம்பத் லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டு வந்தார். "புது காரு மேடம். வியாழக்கிழமை சாயந்திரம் வந்துச்சி, வெள்ளிக்கிழமை பூஜை போட்டாங்க. பத்தரைக்கு ராவு காலமாம், அதுக்கு முன்னாடி வண்டிய எடுக்கணும்னு அந்தம்மா ஓடிகினு இருந்துச்சி. நான் அப்போ கேட்டாண்ட தண்ணி லாரிக்கு பைப்பு புடிச்சிகினு இருந்தேன். சத்தம் கேட்டு வந்தா, அம்மாவ தூக்கிகினு போறாங்க. மயக்கம்னாங்க. பாவம், மத்தியானம் போய்ட்டாங்க."

"கார்ல அடிபட்டாங்களா?"

"யாரும் அப்டி சொல்லலியே மேடம். ரத்தம் கித்தம் ஒண்ணும் இல்ல."

"பூஜை சாமான்லாம் யார் எடுத்தது?"

"நான்தான். தேங்கா மூடி, பூவு. நாலு எலுமிச்சம்பயம். ஒண்ணு கூட நசுங்கல, வீணாப் போவுதேன்னு ஜூஸு போட்டு குட்ச்சிட்டேன்." என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "தப்பா சார்?"

"தடயத்தைக் குடிச்ச முதல் சாட்சி நீங்கதான் அண்ணா. சக்கரை போட்டீங்களா, உப்பா?"

மேடம் சிரிக்கவில்லை. "நாலு பழமும் எங்கே கிடந்தது? சரியாக் காட்டுங்க."

சம்பத் குனிந்து காட்டினார். "ரெண்டு பயம் வண்டிக்கு முன்னால, இந்தோ, நாலடி தள்ளி. மத்த ரெண்டும் வண்டிக்கு அடியில, நட்டநடுவுல. தவழ்ந்து போய் எடுக்கறதுக்குள்ள இடுப்பு பேஜாராயிடுச்சி. வண்டி பின்னால தூணாண்ட போய் நின்னுகினு இருந்துச்சி."

"இப்ப அந்தக் கார்?"

"வித்துட்டாங்க. ஓட்டிகினு கூட போவல, ஒரு வண்டி வந்து மேல ஏத்திகினு போச்சி. வண்டலூர்ல தீனான்னு ஒர்த்தரு, அவரு யார்டு."

எங்கள் வண்டியில் ஏறியதும் மேடம் கேட்டார். "புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் எங்கே வைப்பாங்க?"

"நாலு சக்கரத்துக்கும் முன்னாடி. ஏத்தி நசுக்கிட்டுப் போனா திருஷ்டி கழியும். என் மச்சான் சர்ச்ல ஜெபம் பண்ணின வண்டிக்கே வெச்சான்."

"அப்போ நாலும் ஏன் நசுங்கல? ரெண்டு பழம் எப்படி வண்டிக்கு நடுவுல போச்சு?"

யோசித்தேன். பழங்கள் எங்கேயும் போகவில்லை. வண்டிதான் போயிருக்கிறது, பின்னால்.

அகரம்தென் வழியாகக் குறுக்கே விட்டேன். மணி இரண்டே முக்கால். நெடுங்குன்றத்தில் ஒரு மணல் லாரி வழியை அடைத்துக்கொண்டு நிற்க, ஹாரனிலேயே அவனைத் திட்டினேன். எனக்குக் கேஸ் முடிந்துவிட்டது.

"மகள்தான் மேடம். ரிவர்ஸ் எடுத்து அம்மாவை இடிச்சுட்டா. வெளியில சொன்னா ஜெயில். அதான் மாரடைப்புன்னு மூடி மறைச்சா. அப்புறம் பத்து லட்சம்னு தெரிஞ்சதும் பாத்ரூம்னு கதையை மாத்தினா. அல்வா மாதிரி கேஸ்."

"அல்வா தொண்டையில மாட்டும். பொறு."

தீனாவின் யார்டு ஜி.எஸ்.டி. ரோட்டோரம், தகரக் கொட்டகை. தீனா கழுத்தில் தங்கச் சங்கிலியும் கையில் துடைக்கிற துணியுமாக ஓடி வந்தார். "வாங்க மேடம், இன்னா பட்ஜெட்டு?"

விஷயத்தைச் சொன்னதும் முகம் கொஞ்சம் தொங்கியது. கூட்டிப்போய்க் காட்டினார். சின்ன வெள்ளைக் கார், கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமேடிக்.

"பதினோரு கிலோமீட்டர்தான் ஓடிக்கீது. ஷோரூம்லேர்ந்து வூட்டுக்கு, அவ்ளோதான். ஒண்ணேமுக்கா லட்சம் கம்மியா கேட்டேன் மேடம், அந்தப் பொண்ணு வெலயே பேசல. எட்த்துகினு போங்கன்னுச்சி. வண்டிய திரும்பிக்கூட பாக்கல."

"நம்பர் பிளேட்ல வெச்ச பூஜைப் பொட்டை ஏன் இன்னும் அழிக்கலை?"

"அதான மேடம் நம்ம சேல்ஸு! பொட்டு கீதுன்னா புது வண்டின்னு கஸ்டமர் நம்புவான். தூசி தட்டுவேன், பொட்டுல மட்டும் கைய வெக்க மாட்டேன்."

முன்பக்க நம்பர் பிளேட்டில் மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். வரிசை ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மேடம் பின்பக்கம் போனார். நானும் போனேன்.

பின் நம்பர் பிளேட்டில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு. குங்குமம் இல்லை. அந்தப் பொட்டிலிருந்து கீழே பம்பர் வரைக்கும் மஞ்சளாக ஒரு இழுப்பு.

"முன்னாடி வெச்சாச்சு, பின்னாடி வைக்க மாமி மறந்துட்டா" என்றார் மேடம் மெதுவாக. "ராகு காலம் வரப் போறது. சந்தனக் கிண்ணத்தோட ஓடிப்போய் குனிஞ்சிருக்கா."

எனக்கு எந்த நக்கலும் வரவில்லை. பதினோரு வருஷம் எத்தனையோ பார்த்தவன், அந்த மஞ்சள் கோட்டைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

"வண்டிக்குள்ள ஏதாவது இருந்ததா?" மேடம் தீனாவிடம் கேட்டார்.

"டிரைவர் சீட்டுக்கு அடியில ஒரு ப்ளூடூத் இருந்துச்சி. போன்ல கனெக்ட் பண்ணிப் பாத்தேன், ஆவல. காதுல மாட்னா கொய்ய்ன்னு விசில் அடிக்குது. டூப்ளிகேட் போல."

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தோல் நிறத்தில், முந்திரிப்பருப்பு அளவில் இருந்தது. மேடம் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"தீனா, இது ப்ளூடூத் இல்லை. காது கேக்காதவங்க மாட்டற மெஷின்."

அல்வா என் தொண்டையில் மாட்டியது.

மாடம்பாக்கத்துக்குத் திரும்பும்போது மணி ஐந்தாகிவிட்டது. ஷ்யாம்சுந்தர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை நானே எடுத்து, "சார், ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. காபி சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்தேன். மேடம் திட்டவில்லை.

ஸ்ரீவித்யா கதவைத் திறந்தாள். மேடம் கையைத் திறந்து காட்டினார். அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள் அறையில் பெரியவர் படுத்திருந்தார்.

"ஆசையா கேட்டார் மேடம்" என்றாள். "நான் வாங்கின முதல் கார். 'முதல்ல நான்தான் எடுப்பேன்'னார். அம்மாவும் 'எடுக்கட்டுமே'ன்னா. மெஷின் விசில் அடிக்கறதுன்னு கழட்டி வெச்சிருக்கார், எனக்குத் தெரியாது. அம்மா பின்னாடி ஓடினா. நான் நிறுத்துங்கோ நிறுத்துங்கோன்னு கத்தறேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சிண்டே, முன்னாடி போறதா நினைச்சு ரிவர்ஸ்ல எடுத்துட்டார். அம்மா தலை தூண்ல..."

கொஞ்ச நேரம் அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"மாரடைப்புன்னு யாருக்காக எழுதி வாங்கினே?" என்றார் மேடம்.

"அப்பாவுக்காக. அம்மா தானா மயங்கி விழுந்துட்டான்னு அவர்கிட்ட சொன்னேன். அந்த டாக்டர், எங்க அம்மாவுக்கு இருபது வருஷப் பழக்கம், கெஞ்சிக் கூத்தாடி எழுதி வாங்கினேன். அந்தப் பேப்பரை அப்பா தினம் ஒரு தடவை எடுத்துப் படிக்கறார் மேடம். தான்தான் காரணம்னு தெரிஞ்சா ஒரு நாள் கூட இருக்க மாட்டார்."

"அப்புறம் எதுக்கு க்ளெய்ம்?"

"வேற வழி தெரியல. எங்காத்துக்காரர் புனேல இருக்கார், அவர் சம்பளம் அங்க வாடகைக்கும் இங்க வித்த பிறகும் பாக்கி நிக்கற கார் லோனுக்குமே சரியாப் போறது. அம்மா ஒருத்தி பண்ணிண்டிருந்ததுக்கு இப்ப மூணு ஆள். அப்பாவுக்கு இன்சுலின் போட, சமைக்க, குழந்தையைப் பார்த்துக்க. அது போதாம நானும் வேலையை விட்டாச்சு. கையில இருந்ததெல்லாம் அஞ்சு வாரத்துல கரைஞ்சுடுத்து. அப்பாவோட பாஸ்புக்கைப் புரட்டினப்போதான் இந்தக் காப்பீடு கண்ணுல பட்டது. பாத்ரூம்னு எழுதினேன். காட்டின இடத்துல அப்பா கையெழுத்துப் போட்டார்."

மேடம் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். "கேளும்மா. பாத்ரூம்னு நீ எழுதினதை நான் அனுப்பினா பொய்க் க்ளெய்ம். ஒரு பைசா வராது. மாரடைப்புன்னாலும் வராது. கார் மோதி இறந்தாங்கன்னா அதுவும் விபத்துதான். கொடுத்துத்தான் ஆகணும், நான் போராடி வாங்கித் தரேன். ஆனா போலீஸ்ல சொல்லணும். கேஸ் வரும், அந்த டாக்டரும் பதில் சொல்லணும்." பையிலிருந்து ஒரு விசாரணைப் படிவத்தை எடுத்தார். "இதுல ஓட்டினது யாருன்னு ஒரு கட்டம் இருக்கு."

பத்து லட்சமா, பெரியவரின் நிம்மதியா? இரண்டில் ஒன்றுதான். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், பால்கனிக்குப் போனேன், வந்தேன். மணி ஐந்து இருபது.

ஸ்ரீவித்யா கண்ணைத் துடைத்தாள். பேனாவை வாங்கினாள். ஓட்டியவர் என்ற கட்டத்தில் 'ஸ்ரீவித்யா' என்று எழுதினாள்.

"என்ன பண்றே?" மேடம் கையைப் பிடித்தார்.

"லைசென்ஸ் இருக்கு. வண்டி என் பேர்ல. நான் ஓட்டினேன்னு நானே சொன்னா யார் இல்லைன்னு சொல்லப்போறா? ஜெயில்னா போறேன். அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் மேடம், கால்ல விழறேன்."

"மறுபடியும் பொய்யா? உன் குழந்தைக்கு நாலு வயசுடி!"

மேடம் யாரையும் 'டி' போட்டு நான் கேட்டதில்லை. அவருக்குப் பதில் சொல்ல அவள் வாய் திறப்பதற்குள், அறை வாசலில் ராஜகோபாலன் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தார். ஸ்ரீவித்யா படிவத்தை ஒளிக்கப் பார்த்தாள். அவர் கையை நீட்டியபடி நின்றார். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பார் என்று தெரிந்தது. கொடுத்துவிட்டாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடித்த கை. மகள் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே தன் பெயரை எழுதினார்.

"ஓட்டினது நான்" என்றார் சத்தமாக.

ஸ்ரீவித்யா இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள்.

"காது கேக்கலேன்னா என்னடி? வண்டி இடிச்சது உடம்புக்குத் தெரியாதா?" அவள் தலையில் கையை வைத்தார். "நீ பேப்பரைக் கொண்டுவந்து காட்டினே. நான் நம்பலேன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு நினைச்சேன். அதான் நம்பற மாதிரியே தினம் எடுத்துப் படிச்சேன்."

அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் படிவத்தை விடவில்லை. இன்னொரு இடத்தில் விரலை வைத்தார். 'இறந்தவரின் மாத வருமானம்: இல்லை.' அதையும் அடித்தார். "இது தப்பு. எவ்வளவு போடணும்னுதான் எனக்குத் தெரியல" என்று மேடத்திடம் நீட்டினார்.

மேடம் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டார். மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டினார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ரிப்போர்ட் போனது: விபத்து மரணம். உடனே ஷ்யாம்சுந்தரின் அழைப்பு வந்தது. மேடம் எடுக்கவில்லை.

ராஜகோபாலன் சட்டை மாற்றிக்கொண்டு, விபூதி இட்டுக்கொண்டு வந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு இன்றைக்கே போக வேண்டும் என்றார். நாளைக்குப் போகலாமே என்று மகள் சைகை காட்டினாள். அவர் செருப்பைப் போட ஆரம்பித்துவிட்டார்.

நான் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். பக்கத்தில் ஸ்ரீவித்யா, முன்னால் மேடம். எங்கள் வண்டி தூணை ஒட்டி நின்றிருந்தது, பின்னால் எடுத்தால்தான் வெளியே வர முடியும். சாவியைத் திருப்பினேன். தோளில் ஒரு கை விழுந்தது.

"இறங்கிப் போய்ப் பின்னால பாருப்பா."

"கண்ணாடியில பார்த்துட்டேன் சார், யாரும் இல்ல" என்றேன். அவருக்கு எப்படிக் கேட்கும்?

"இறங்கிப் பாரு" என்றார் மறுபடியும்.

என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். வண்டியைச் சுற்றி வந்தேன், குனிந்து அடியிலும் பார்த்தேன். பின் கண்ணாடி வழியாக அவர் முழுக்கத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அப்புறமும் கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் முன்னால் திரும்பி, "எடு" என்றார்.